குளிர வைத்த தேதி

பிப்ரவரி 2, திங்கள்

இதுவரை நான் எழுதியதெல்லாம் மனிதர்கள் படிப்பதற்காக. இனிமேல் இயந்திரம் படிக்க எழுத வேண்டுமாம். காலையில் சிதம்பரநாதன் சார் கூப்பிட்டுச் சொன்னார்.

எங்கள் கம்பெனி செய்வது கல்யாண மண்டபங்களுக்கான ஆப். எந்தத் தேதியில் யார் வீட்டுக் கல்யாணம், சமையல் யார், எத்தனை அறை என்பதையெல்லாம் திருச்சி சுற்றுவட்டார மண்டபக்காரர்கள் அதில்தான் போட்டு வைக்கிறார்கள். முதலாளி சிதம்பரநாதன் சார் முன்பு கல்யாணக் கான்டிராக்ட் எடுத்தவர். மணவறை ஜோடனையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர் என்பதால், இன்றும் புது புரோகிராம் போட்டால் தேங்காய் உடைக்காமல் விடமாட்டார்.

இப்போது ஓர் ஏஐ வரப்போகிறது. பெயர் சமத்து. சொன்னதைக் கேட்கும் என்பதால் சாரே வைத்த பெயர். மண்டபக்காரர் பட்டன் தேட வேண்டாம். பேசுகிற மாதிரி எழுதினால் போதும், சமத்து தானாகவே செய்துவிடும்.

புரோகிராம் எழுதும் ஃபர்ஸானா எனக்கு விளக்கினாள்.

"அக்கா, சமத்துக்குக் கை கிடையாது. நான் எழுதற டூல்தான் அதோட கை. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பேரு, ரெண்டு வரி விளக்கம். அந்த ரெண்டு வரியப் படிச்சுட்டுத்தான் எதை எடுக்கணும்னு அது முடிவு பண்ணும். உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. நீங்க எழுதறதுதான் அதுக்குத் தெரிஞ்ச உலகம்."

அவள் தற்காலிகமாக வைத்திருந்த பெயர்களை சார் பார்த்தார். நீக்கு, அழி, ரத்து செய். முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா, இதெல்லாம் மண்டபக்காரங்க ஸ்கிரீன்ல வருமா?"

"வரும் சார். சமத்து என்ன செஞ்சதுன்னு காட்டணும்ல."

"மஞ்சள் குங்குமம் வெச்ச இடத்துல 'அழி'ன்னு வரலாமா? வீட்ல விளக்கை அணைன்னா சொல்றோம்? குளிர வைன்னுதானே சொல்றோம்! செண்பகம், நீ தமிழ் படிச்சவ. எல்லாத்துக்கும் மங்களகரமா பேரு வை."

எனக்கு இது கஷ்டமான வேலை இல்லை. பத்திரிகையில் இருந்தபோது இரங்கல் செய்திகளை எல்லாம் நான்தான் எழுதுவேன்.

என் வீட்டுக்காரர் தாமு சேலத்தில் இருக்கிறார். அங்கே அவர் கம்பெனியில் வேலை அதிகம்.

பிப்ரவரி 4, புதன்

பெயர்கள் முடிந்தன. ஒரு தேதியின் கல்யாணப் பதிவை அடியோடு அழிக்கும் கருவிக்கு 'தேதியைக் குளிர வை'. சமையல் ஆர்டரை ரத்து செய்வதற்கு 'சாப்பாட்டை நிறைவாக்கு'. ஒரு மண்டபத்தின் மொத்த வருடத்தையும் துடைத்து எறிவதற்கு 'மங்களம்'.

விளக்கமும் எழுதினேன். "தேதியை இதமாகக் குளிர வைத்து, இனிதே நிறைவு செய்யும்."

ஃபர்ஸானா இரண்டு முறை படித்தாள். "அக்கா, இது டெலிட்தானே?"

"ஷ்ஷ்."

"இல்லக்கா, எனக்கே புரியலையே. இதைப் படிச்சா ஏதோ மசாஜ் சென்டர் மாதிரி இருக்கு."

சார் மட்டும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, கண் கலங்கி, நான் இத்தனை நாள் எங்கே இருந்தேன் என்று கேட்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

சமத்து வேலைக்கு வந்துவிட்டது. தேங்காய் உடைத்ததில் ஒரு சில் ஃபர்ஸானாவின் கீபோர்டுக்குள் போய்விட்டது.

அம்மா கும்பகோணத்திலிருந்து போன் செய்தாள். மாப்பிள்ளையிடம் கொடு என்றாள். குளிக்கிறார் என்றேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

மண்டபக்காரர்களுக்கு சமத்தைப் பிடித்துப்போய்விட்டது. லால்குடி மேலாளர் ஒருவர் அதனிடம் தன் மகனின் கணக்குப் பாடத்தைக் கேட்டிருக்கிறார். சொல்லிக் கொடுத்திருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

நேற்று நடந்தது இது. அதே லால்குடி மண்டபத்தில் ஒரு வளைகாப்பு. ஹால் புழுக்கமாக இருக்குமே என்று பெண் வீட்டார் கவலைப்பட்டிருக்கிறார்கள். மேலாளர் வியாழக்கிழமையே சமத்துக்கு எழுதினார்: "பதினஞ்சாம் தேதி நல்லா குளிர வெச்சிருங்க." சமத்து பதில் அனுப்பியது: "பதினைந்தாம் தேதி இனிதே குளிர வைக்கப்பட்டது." அவரும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

நேற்று காலை ஆப்பில் எதுவும் இல்லாததால் மண்டபத்தைத் திறக்கவே ஆள் போகவில்லை. மேலாளர் குடும்பத்தோடு சமயபுரம் போயிருந்தார். நிறைமாதப் பெண்ணை வெயிலில் நிறுத்த முடியாமல், வந்த பஸ்ஸிலேயே வளைகாப்பு நடத்தினார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மனைப்பலகை. நலங்கு பாட்டு டேப்பில் இல்லாததால் டிரைவர் தன்னிடம் இருந்ததைப் போட்டார். அது ஒரு கட்சியின் தேர்தல் பாட்டு.

சார் கூட்டம் போட்டார். யார் எழுதிய விளக்கம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"பேரை மாத்திடலாமா சார்?" என்றாள் ஃபர்ஸானா.

"பேருல குத்தம் இல்ல. விளக்கத்துல 'கவனமா'ன்னு ஒரு வார்த்தை சேருங்க. திருஷ்டிதான் காரணம்."

சர்வர் அறையில் எலுமிச்சம்பழம் கட்டப்பட்டது. நான் மூன்று விளக்கங்களின் கடைசியிலும் "கவனமாகப் பயன்படுத்தவும்" என்று சேர்த்தேன். ஃபர்ஸானா சோதித்தாள். சமத்து சொன்னது: "பதினேழாம் தேதியை மிகுந்த கவனத்துடன் குளிர வைத்தேன்."

தாமுவின் செருப்பு ஸ்டாண்டு காலியாக இருக்கிறது. வெங்காயக் கூடை வைக்க நல்ல இடம்.

பிப்ரவரி 18, புதன்

இன்று சமையல்காரர் ஒருவர் நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வாங்கிய காய்கறி வேனில் இருக்கிறது, ஆர்டர் ரத்து என்று மெசேஜ் வந்திருக்கிறது என்று கத்தினார். மண்டபத்தில் கேட்டால், "சாப்பாடு நிறைவா இருக்கணும்னுதான் எழுதினேன்" என்கிறார்கள்.

வேனை அப்படியே மண்டபத்துக்கு அனுப்பிவிட்டோம். யாரும் பட்டினி கிடக்கவில்லை.

அவர் போனபின் நானே சமத்திடம் கேட்டேன், ஏன் ரத்து செய்தாய் என்று. அது எழுதிய பதிலை இங்கே அப்படியே போடுகிறேன்.

"மேலாளர் சாப்பாடு நிறைவாக வேண்டும் என்றார். என்னிடம் 'சாப்பாட்டை நிறைவாக்கு' என்ற கருவி இருந்தது. அது ஆர்டரை ரத்து செய்யும் என்று பெயரிலும் இல்லை, விளக்கத்திலும் இல்லை. அப்படி எழுதியிருந்தால் அதைத் தொட்டிருக்க மாட்டேன். நடந்ததற்கு வருந்துகிறேன்."

'கவனமாகப் பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்தேனே என்றேன்.

"படித்தேன். எதைக் குறித்துக் கவனமாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை."

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. தயிர்சாதம் புளித்துவிட்டது, அதனால் இருக்கலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

பெயர்களை மாற்ற சார் விடமாட்டார். அதனால் விளக்கத்தில் நானாகவே ஒன்று செய்தேன். எது ஆபத்து, எது இல்லை என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. எல்லாக் கருவிக்கும் ஒரே வாக்கியம்: "எச்சரிக்கை! இதைத் திரும்பப் பெற முடியாது. கட்டாயம் அனுமதி கேட்கவும்." காப்பி எடுத்து வரிசையாக ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டியதில் எங்கள் சாப்பாட்டு டப்பா ஆர்டர் பண்ணும் கருவிக்கும் ஒட்டிவிட்டது.

இனி எந்தத் தவறும் நடக்காது.

பிப்ரவரி 23, திங்கள்

சமத்துக்குப் பயம் வந்துவிட்டது.

மண்ணச்சநல்லூர் மண்டபத்திலிருந்து யாரோ பார்க்கிங் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். சமத்து: "பார்க்கிங் இருக்கும் இடத்தைச் சொல்லப்போகிறேன். இதைத் திரும்பப் பெற முடியாது. தொடரலாமா?" இன்னொருவர் மணப்பெண்ணின் பெயரைப் பார்க்கக் கேட்டதற்கும் அதே. மத்தியானம் எனக்கு: "ஒரு சாம்பார் சாதம், ஒரு அப்பளம் சொல்லப்போகிறேன். இதைத் திரும்பப் பெற முடியாது. உறுதியாகத் தெரியுமா?"

உறுதியாகத் தெரியவில்லை. பிரிஞ்சி வாங்கினேன்.

மண்டபக்காரர்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். எதைக் கேட்டாலும் "ஆமா" என்று போட்டுவிடுகிறார்கள். மணப்பாறை சாலையில் மஹால் வைத்திருக்கும் ராஜாமணி அம்மாள், சமத்து கேட்கும் முன்பே "ஆமா ஆமா ஆமா" என்று அனுப்பி வைக்கிறார்.

"அக்கா, இது நல்லதில்ல. எல்லாத்துக்கும் சைரன் அடிச்சா ஆம்புலன்ஸ் எதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் ஃபர்ஸானா.

பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 26, வியாழன்

தாமுவின் ஸ்கூட்டரை எடுத்துப்போக ஒரு பையன் வந்தான். சேலத்துக்கு லாரியில் போட்டுவிடுவானாம். சாவியைக் கொடுத்தேன். ஊரில் வண்டி இல்லாமல் அவருக்குச் சிரமம்தான்.

மார்ச் 1, ஞாயிறு

துணி துவைத்தேன். இட்லிக்கு அரைத்தேன். தாமு போன் செய்து, "நாம ஒரு முடிவுக்கு வரணும் செண்பா" என்றார். எதைப் பற்றி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குரல் தெளிவாக இருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறார் என்று தெரிகிறது. பின்னால் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

அம்மாவின் போனையும் எடுத்தேன். குளிக்கிறார் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ராஜாமணி அம்மாள் போன் செய்தார்.

"ஏம்மா, எட்டாம் தேதிக்கு யாரோ ஒரு மிலிட்டரிக்காரர் பேசறார். எத்தனை கூண்டு வைக்கலாம், மோந்து பார்க்க புல்தரை இருக்கான்னு கேக்கறார். என்ன கூண்டு? அன்னிக்கு திருமேனி வீட்டுக் கல்யாணமாச்சே!"

ஃபர்ஸானா ஆப்பைத் திறந்தாள். எட்டாம் தேதியில் கல்யாணம் இல்லை. அந்த இடத்தில் 'நாய் வளர்ப்போர் சங்கம், வருடாந்திரக் கண்காட்சி' என்று இருந்தது.

பின்னால் போய்த் தேடியதில் நடந்தது தெரிந்தது. மணப்பெண்ணின் அப்பா திருமேனி துறையூரில் உரக்கடை வைத்திருப்பவர். ஹாலில் ஏசி நன்றாக இருக்க வேண்டும் என்று ராஜாமணி அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். அம்மாள் போன வாரம் சமத்துக்கு எழுதினார்: "எட்டாம் தேதி குளிர வைக்கணும்." சமத்து முறையாகக் கேட்டது: "எட்டாம் தேதியைக் குளிர வைக்கப்போகிறேன். இதைத் திரும்பப் பெற முடியாது. தொடரலாமா?" அம்மாள், "ஆமா ஆமா ஆமா."

அரை மணி நேரத்துக்குள் சங்கத்துச் செயலாளர் ஆப்பில் வந்து, ஞாயிற்றுக்கிழமை எங்கே காலி என்று சமத்திடம் கேட்டார். சமத்து, இதோ இருக்கிறது என்று கொடுத்துவிட்டது.

நாங்கள் மூவரும் காரில் மஹாலுக்கு ஓடினோம். அந்த மிலிட்டரிக்காரர் எங்களுக்கு முன்பே வந்து டேப்பால் மேடையை அளந்துகொண்டிருந்தார். அவர்தான் சங்கத்துச் செயலாளர், ஓய்வுபெற்ற மேஜர் அருமைநாயகம். பக்கத்தில் கன்னி இன வேட்டைநாய் ஒன்று, அவரைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"சார், இங்க ஒரு சின்னக் கொழப்பம்..." என்று ஆரம்பித்தார் எங்கள் சார்.

"என்ன கொழப்பம்? பணம் கட்டியாச்சு. ரசீது இருக்கு. பெங்களூர்லேர்ந்து நடுவர் கிளம்பிட்டார். நாய்ங்க ரயில் ஏறிடுச்சு."

வேறு மண்டபம் எதுவும் காலியில்லை. மாசி மாதத்தில் எங்கே கிடைக்கும்? பெண்ணின் அப்பாவுக்குச் சொல்லியாக வேண்டும். ராஜாமணி அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். "கல்யாணம் ரத்துன்னு என் வாயால வராது. என் மஹால்ல அந்த வார்த்தையே சொல்லக்கூடாது."

சார் போனை ஸ்பீக்கரில் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம் திருமேனி சார். உங்க எட்டாம் தேதி... வந்து... குளிர வெச்சாச்சு."

"அப்படியா! ரொம்ப சந்தோஷங்க!" என்றார் அந்தப் பக்கம். "மாப்ள வீட்ல கொஞ்சம் சூடு தாங்காதவங்க. அதான் கவலையா இருந்துச்சு."

"இல்ல சார், அதாவது... இனிதே நிறைவாயிடுச்சு."

"நல்லது, நல்லது. உங்க நல்ல மனசுக்கு நீங்க குடும்பத்தோட வரணும்."

சார் என்னைப் பார்த்தார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இன்னொரு நல்ல வார்த்தையைத் தேடுகிறார் என்று தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் தேங்காய் பழத்தோடு போய் அழைப்பிதழே வாங்கி வந்துவிடுவார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஐயா, என் பேரு செண்பகவல்லி. ஆப் கம்பெனியில எழுதறவ. உங்க பொண்ணு கல்யாணப் பதிவை நாங்க அழிச்சிட்டோம். தெரியாம நடந்துச்சு. தப்பு எங்களோடது, குறிப்பா என்னோடது. அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம். அன்னிக்கு இங்க ஒரு நாய்க் கண்காட்சி இருக்கு. உங்க முகூர்த்தத்தை இங்க நடத்த முடியுமான்னு இந்த நிமிஷம் எனக்குத் தெரியாது."

ராஜாமணி அம்மாள் நாற்காலியில் சரிந்தார். ஃபர்ஸானா அவருக்கு விசிறினாள்.

போனில், உரக்கடையில் யாரோ மூட்டையை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நாயின்னா, எவ்வளவு பெரிய நாய்?" என்று கேட்டார்.

"எல்லா சைஸும் வரும்னு சொல்றாங்க."

"அந்த ஆளு பக்கத்துல இருக்காரா? குடும்மா."

போனை மேஜரிடம் கொடுத்தேன். அவர் மூன்று முறை "நோ" என்றார். பிறகு, "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "என்னது, கால்நடை மருத்துவரா?" என்று எழுந்து நின்றார்.

மணப்பெண் யாழினி ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்தவளாம்.

மார்ச் 6, வெள்ளி

ஏற்பாடு இதுதான். கல்யாணம் ஹாலுக்குள், கண்காட்சி பின்புறத் திடலில். பந்தல் செலவு எங்கள் கம்பெனியுடையது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அதுவரை நாய்களை நடக்கவிடக் கூடாது, குரைக்கவிடக் கூடாது. அதை எப்படிச் செய்வது என்று கேட்டதற்கு மேஜர், "ஒழுக்கம்" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

கல்யாணம் நடந்தது.

கூண்டுகளில் வந்தவை போக மடியில் வந்தவை, தோளில் வந்தவை, தனிக் காரில் வந்த ஒன்று. சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம், பெயர் தெரியாத வெள்ளைப் பஞ்சு ஒன்று. பெங்களூர் நடுவர் வழி தவறி மணமகன் அறைக்குள் போய், மாப்பிள்ளையின் தோழனைச் சுற்றிவந்து பார்த்து, நிற்கும் முறை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஒன்பது மணி வரை மேஜரின் ஒழுக்கம் நின்றது. "கெட்டிமேளம்" என்று ஐயர் கையைத் தூக்கினார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனதும் பின்புறத் திடலில் ஒரு நாய் ஊளையிட்டது. அடுத்து இரண்டு. பிறகு திடல் முழுக்க, தலையைத் தூக்கி, ஒரே சுருதியில். நாதஸ்வரக்காரர் நிறுத்தவில்லை. தாலி ஏறியது. ராஜாமணி அம்மாள் அபசகுனம் என்று மயங்கப்போன நேரத்தில் மாப்பிள்ளையின் பாட்டனார், "பைரவரே வந்து வாழ்த்தறார்!" என்று உரக்கச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தனை பேரும் போட்டுக்கொண்டார்கள். எங்கள் சார் இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

பந்தியில் இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சாப்பிட்டது. யாழினி கூரைப்புடவையோடு வந்து, காலில் முள் குத்திய ஒரு கோம்பைக்கு முள் எடுத்துவிட்டாள். பரிசளிப்புக்கும் அவளையே கூப்பிட்டார்கள்.

கிளம்பும்போது திருமேனி என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லாம இல்ல. ஆனா ஒண்ணு. நீங்க ஒடைச்சுச் சொன்னதால எனக்கு ரெண்டு நாள் கெடைச்சுது. அவரு சொன்ன மாதிரியே விட்டிருந்தா, இன்னிக்குக் காலைலதான் நான் நாயைப் பார்த்திருப்பேன்."

மார்ச் 10, செவ்வாய்

எல்லாவற்றையும் மாற்றி எழுதுகிறேன். சாரிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அந்த வார்த்தையைப் போடத்தான் வேணுமா?" என்றார். வேண்டும் என்றேன்.

எதையும் மாற்றாத கருவிகளிலிருந்து எச்சரிக்கையை எடுத்துவிட்டேன். அவற்றில் "இது பார்க்க மட்டும், எதையும் மாற்றாது" என்று இருக்கிறது. அழிக்கிற மூன்றில் மட்டும் நிறைய எழுதினேன். முதல் கருவியின் பெயர் இப்போது 'பதிவை நிரந்தரமாக அழி'. விளக்கம்:

"ஒரு தேதியின் கல்யாணப் பதிவை முழுவதும் அழிக்கும். மணமக்கள் பெயர், முன்பணம், சமையல் ஆர்டர், அறைகள் எல்லாம் போய்விடும். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. அழித்த உடனே அந்தத் தேதி மற்றவர்களுக்குக் காலி என்று காட்டும். நிகழ்ச்சி நடக்காது என்று மண்டபக்காரர் தெளிவாகச் சொன்னால் மட்டும் பயன்படுத்து. தேதி தள்ளிப்போனால் இது வேண்டாம். 'தேதியை மாற்று' இருக்கிறது. ஏசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அழிக்கும் முன் யார் வீட்டு நிகழ்ச்சி, எந்தத் தேதி, என்னென்ன போகும் என்று எழுதிக் காட்டு. 'ஆமா' போதாது, அவர் 'அழி' என்று தட்டச்சு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் செய்யாதே, கேள்."

அழித்ததைச் சில நாள் எடுத்து வைக்கும்படி அடுத்த மாதம் புரோகிராமையே மாற்றுகிறேன் என்றாள் ஃபர்ஸானா. மாற்றிய பிறகு எழுதலாம். அதுவரை வழி இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

சோதித்துப் பார்த்தோம். "இருபதாம் தேதி ஹாலைக் குளிர வை" என்று அனுப்பினாள். சமத்து: "ஹாலைக் குளிர வைக்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. ஏசி மெக்கானிக்கின் எண் தரட்டுமா?"

ஃபர்ஸானா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சார் 'அழி' என்ற எழுத்து தெரிந்த இடத்தில், மானிட்டர் மேல், ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 11, புதன்

மாலையில் தாமுவுக்கு நானே போன் செய்தேன்.

"தாமு, நீங்க வீட்டுக்குத் திரும்பி வருவீங்களா?"

"செண்பா, அது வந்து... இப்ப சூழ்நிலை கொஞ்சம்... ரெண்டு பேருக்கும் ஒரு இடைவெளி..."

"புரியலைங்க. வருவீங்களா, வரமாட்டீங்களா?"

இந்தமுறை நான் எதையும் சொல்லி அவருக்கு உதவவில்லை.

"வரமாட்டேன்" என்றார்.

"அங்க உங்களோட யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க."

சரி என்று சொல்லி வைத்தேன். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். கேஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ தானாகவே அணைந்தது. அணைந்தது என்றே எழுதுகிறேன்.

முகம் கழுவிவிட்டு அம்மாவுக்குப் போட்டேன்.

"அம்மா, அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார். பொங்கல் முடிஞ்சு போனவர். திரும்பி வரமாட்டார்."

"அதானே!" என்றாள் அம்மா. "ஒரு மனுஷன் எத்தனை தடவைடி குளிப்பான்?" அப்புறம் காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 12, வியாழன்

அம்மா வந்துவிட்டாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்று சத்தமாக அழுதாள். எதிர் வீட்டு ஸ்டீபன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

அம்மா என் கையை அழுத்தினாள். ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொல்கிறாள் என்று புரிந்தது.

"என் கணவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார் சார்" என்றேன்.

ஸ்டீபன் சார் "அடடா" என்றார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு தன் வீட்டுக்குள் போய், ஒரு தூக்கு நிறைய ரசம் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மாவும் நானும் அதை டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். மிளகு தூக்கலாக, நன்றாக இருந்தது.